செகண்டரி பள்ளியில் உயர்நிலைக் கற்பித்தல் உதவியாளர் ஆவது: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் ஆசிரியராக இருந்தவர்களும், பட்டம் முடித்துவிட்டு இங்கே குடும்பத்தோடு வந்து சேர்ந்தவர்களும் முதலில் விசாரிக்கும் வேலைகளில் ஒன்று டீச்சிங் அசிஸ்டன்ட் (டி.ஏ.), அதாவது கற்பித்தல் உதவியாளர். லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், குரோய்டன் பக்கத்துப் பள்ளிகளில் தமிழ் தெரிந்த உதவியாளருக்குத் தேவையும் இருக்கிறது. இந்த வழிகாட்டி 11 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள் படிக்கும் செகண்டரி பள்ளியைப் பற்றியது, இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் ஏற்பாடு வேறு.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'லெவல் 3 டி.ஏ.', 'அட்வான்ஸ்ட் டி.ஏ.', 'சீனியர் டி.ஏ.', 'லேர்னிங் சப்போர்ட் அசிஸ்டன்ட்' என்று விளம்பரங்களில் வரும் பெயர்கள் அந்தந்தப் பள்ளி வைத்துக்கொண்டவை. ஒரே பெயருக்கு இரண்டு பள்ளிகளில் இரண்டு சம்பளம் இருக்கும். பெயரைப் பார்க்காதீர்கள், வேலை விவரப் பட்டியலைப் பாருங்கள். இவற்றிலிருந்து எச்.எல்.டி.ஏ. (ஹையர் லெவல் டீச்சிங் அசிஸ்டன்ட், அதாவது உயர்நிலைக் கற்பித்தல் உதவியாளர்) மட்டும் தனி. 2003 ஜனவரியில் அரசும் கல்வித் துறைத் தொழிற்சங்கங்களும் செய்த ஒப்பந்தத்தின் வழியே வந்த நிலை அது. 33 தகுதி விதிகளையும் நிறைவுசெய்கிறீர்கள் என்று வெளியார் ஒருவர் மதிப்பிட்டுத் தருவார். அது பரீட்சையும் அல்ல, டிப்ளோமாவும் அல்ல. வகுப்பாசிரியர் இல்லாத நேரத்தில், அவர் வழிகாட்டலின்படி முழு வகுப்புக்கும் பாடம் நடத்தும் அளவுக்கு நீங்கள் தேறியிருக்கிறீர்கள் என்பதே அதன் பொருள். 'கவர் சூப்பர்வைசர்' வேலையோ வேறு: ஆசிரியர் விட்டுச்சென்ற வேலையைப் பிள்ளைகள் செய்கிறார்களா என்று மேற்பார்வையிடுவது மட்டும்தான். இரண்டையும் கலந்து பேசும் பள்ளிகள் உண்டு, கவனமாக இருங்கள்.

விசா விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. ஸ்கில்ட் வொர்க்கர் விசாவுக்கான வேலைத் தரம் 2025 ஜூலை 22 முதல் பட்டதாரி மட்டத்துக்கு உயர்த்தப்பட்டது. டி.ஏ. வேலை அந்த மட்டத்தில் இல்லை. ஆகவே இந்த வேலைக்கு ஸ்பான்சர்ஷிப் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஏற்கனவே வேலை செய்யும் உரிமை உள்ளவர்களுக்கானதுதான் இந்தப் பாதை: துணைவரின் ஸ்கில்ட் வொர்க்கர் விசாவில் வந்தவர்கள், அகதி நிலை பெற்றவர்கள், நிரந்தர வதிவுரிமை உள்ளவர்கள் போன்றோர். உங்கள் வேலை உரிமையைப் பள்ளி சரிபார்ப்பதற்காக இ-விசா கணக்கிலிருந்து எடுக்கும் ஷேர் கோடு 90 நாள்தான் செல்லும். நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபின் எடுத்தால் போதும்.

காகித வேலைகளில் தாமதம் பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான். ஒன்று போலீஸ் சான்று. பள்ளி செய்யும் டி.பி.எஸ். எனும் குற்றப் பதிவுச் சோதனை இந்த நாட்டுப் பதிவுகளைத்தான் காட்டும். அதனால் நீங்கள் வாழ்ந்த நாட்டிலிருந்தும் நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். இந்தியர்கள் பி.சி.சி. எனும் போலீஸ் சான்றையும், இலங்கையர்கள் கொழும்புப் பொலிஸ் தலைமையகச் சான்றையும் ஊரில் இருக்கும்போதே எடுத்துவந்தால் பல வாரங்கள் மிச்சமாகும். டி.பி.எஸ். படிவத்துக்குக் கடந்த 5 ஆண்டு முகவரிகளும் இடைவெளியில்லாமல் வேண்டும். டி.பி.எஸ். சான்று வழங்கப்பட்ட தேதியிலிருந்து 30 நாளுக்குள், அதை ஆன்லைனில் சரிபார்க்க உதவும் அப்டேட் சர்வீஸில் பதிந்துவிடுங்கள். பல பள்ளிகள் அதைக் கொண்டே சரிபார்த்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்கும் தொல்லை குறையும்.

மற்றது பரிந்துரைக் கடிதம். இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கடைசியாக வேலை பார்த்த இடத்தின் பொறுப்பாளர். குடும்ப நண்பர் எழுதியது செல்லாது. ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் தம் சொந்த ஜிமெயிலிலிருந்து பதில் அனுப்பினால், அவர் யார் என்று உறுதிசெய்ய முடியாமல் நியமனம் நின்றுபோகும். பள்ளியின் அலுவலக மின்னஞ்சல் இருக்கிறதா என்று முன்பே கேட்டு வையுங்கள். இல்லையென்றால் லெட்டர்ஹெட்டில் எழுதி முத்திரையிட்ட கடிதமும், அலுவலகத் தொலைபேசி எண்ணும் வாங்கி வையுங்கள்.

வெளிநாட்டுத் தகுதிச் சான்றுகளை இந்த நாட்டுத் தகுதிகளோடு ஒப்பிடும் யு.கே. எனிக் அமைப்பு மூலம் ஒப்பீடு செய்யலாம். ஆனால் பட்டம் இருந்தாலும் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜி.சி.எஸ்.இ. (இங்கே 16 வயதில் எழுதும் பொதுப் பரீட்சை) கிரேட் 4-க்கு நிகரான தகுதியைத் தனியே கேட்பார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் க.பொ.த. சாதாரணதரச் சான்றையும் தூக்கிப்போடாதீர்கள். பிறகு எச்.எல்.டி.ஏ. விண்ணப்பத்திலும் இதே கேள்வி வரும். ஊர்ச் சான்றை ஏற்காவிட்டால் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 என்ற மாற்றுப் பரீட்சை எழுதலாம், ஜி.சி.எஸ்.இ.யை விடச் சீக்கிரம் முடியும்.

விண்ணப்பத்தில் சி.வி. மட்டும் அனுப்பினால் பள்ளி ஏற்காது, முழுப் படிவம் நிரப்ப வேண்டும். பிள்ளை பெற்றது, நாடு மாறியது என்று வேலை செய்யாத மாதங்கள் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள். வெற்றிடம் விட்டால் பாதுகாப்பு நடைமுறைப்படி அதைக் கேட்டே ஆக வேண்டும். ஏஜென்சி வழியாக நுழைவதும் நல்ல வழிதான். ஒரே வேலையில் 12 வாரம் முடிந்தால் நேரடி ஊழியருக்குச் சமமான அடிப்படைச் சம்பளம் உங்கள் உரிமை. ஏஜென்சிக்கும் உங்களுக்கும் இடையே நின்று சம்பளம் தரும் அம்ப்ரெல்லா கம்பெனி மூலம் சம்பளம் வந்தால், சொன்ன தினக்கூலியிலிருந்து என்னென்ன கழிகிறது என்று எழுத்தில் வாங்குங்கள்.

பயிற்சிக்கு மூன்று படிகள். லெவல் 2 சான்றிதழைப் பட்டதாரிகள் பெரும்பாலும் தாண்டிவிடலாம். லெவல் 3 டிப்ளோமாவோ, வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் லெவல் 3 அப்ரண்டிஸ்ஷிப்போ நடுப்படி. அதற்கு மேல் எச்.எல்.டி.ஏ., அல்லது சிறப்புத் தேவை, மனநலம், பாடத்துறை என்று ஒரு பிரிவைத் தேர்ந்து செய்யும் லெவல் 5 ஸ்பெஷலிஸ்ட் அப்ரண்டிஸ்ஷிப். அரசு நிதிக்கு, விசாவில் இருப்போர் பொதுவாக 3 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். வந்த முதல் ஆண்டில் அப்ரண்டிஸ்ஷிப் மறுக்கப்பட்டால் உங்களிடம் குறை என்று நினைக்க வேண்டாம். லெவல் 3 டிப்ளோமாவுக்கு உண்மையான வகுப்பறையில் மதிப்பீட்டாளர் உங்களைப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்தே வீடியோ பார்த்து முடிக்கும் மலிவான ஆன்லைன் சான்றிதழ்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். புதிதாக வந்தவர்கள் அதிகம் இழப்பது இதில்தான்.

இனி வேலையின் உள்ளே. 2003 முதல் 2008 வரை லண்டன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் எஜுகேஷன் ஆய்வாளர்கள் நடத்திய பெரிய ஆய்வு ஒன்று எல்லோரையும் திடுக்கிட வைத்தது: உதவியாளரின் துணை அதிகம் பெற்ற பிள்ளைகள், அதே நிலையிலுள்ள மற்றப் பிள்ளைகளை விடக் குறைவாகவே முன்னேறினார்கள். குற்றம் உதவியாளர்கள் மேல் அல்ல என்றும் அந்த ஆய்வு சொன்னது. பிள்ளை ஆசிரியரிடமிருந்து பிரிந்துபோகிறது; உதவியாளருக்குப் பாடம் முன்கூட்டித் தெரிவதில்லை; பேச்செல்லாம் வேலையை முடிப்பதிலேயே நிற்கிறது. இதைப் புரிந்துகொண்டவர்தான் உயர்நிலை உதவியாளர். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது பிள்ளை தானே செய்வதற்காகத்தான் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள்.

எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று 3/4 + 1/6 கணக்கில் நின்றுவிட்டது என்று வைப்போம். முதலில் ஒன்றும் சொல்லாதீர்கள். மனத்துக்குள் பத்து எண்ணுங்கள், பிள்ளை தானாகத் தொடங்கலாம். தொடங்காவிட்டால் ஒரு தூண்டல்: "இந்த மாதிரிக் கணக்கில் முதலில் என்ன பார்ப்போம்?" அதற்கும் நகரவில்லையென்றால் ஒரு துப்பு: "கீழே இருக்கும் எண்களைப் பார், இரண்டும் ஒன்றா?" பிறகும் தெரியாவிட்டால் வேறொரு கணக்கை, 1/2 + 1/3 என்று, உங்கள் சிறு பலகையில் செய்து காட்டுங்கள். பிள்ளையின் கொப்பியில் கை வைக்காதீர்கள். அதன்பின் பிள்ளை தன் கணக்குக்குத் திரும்பி 9/12 + 2/12 = 11/12 என்று போடட்டும். விடையை நேரே சொல்வது கடைசிப் படி, அங்கே போகாமலே பெரும்பாலும் முடியும். நம் ஊர்ப் பழக்கம் இதற்கு நேர் எதிர். பிள்ளை திணறினால் உடனே பென்சிலை வாங்கிப் போட்டுக் காட்டுவோம். அன்பால்தான் செய்கிறோம். ஆனால் நேர்முகத்தில் நடக்கும் மாதிரிப் பாடத்தில் நல்ல அனுபவசாலிகளும் இந்த இடத்தில் தோற்கிறார்கள்.

கணிதத்தில் இன்னொரு பொறி நம் ஆங்கிலம். 'த்ரீ இன்டு ஃபோர்' என்றால் நமக்குப் பெருக்கல், விடை 12. இங்கே அதைக் கேட்கும் பிள்ளை, நாலுக்குள் மூன்று எத்தனை தடவை போகும் என்று வகுக்கத் தொடங்கும். 'டைம்ஸ்' என்று சொல்லப் பழகுங்கள். 1,00,000 என்று காற்புள்ளி போடாமல் 100,000 என்று போடுங்கள். குறு வகுத்தலை 'பஸ் ஸ்டாப்' முறை என்பார்கள், கணக்கில் எதை முதலில் செய்வது என்ற போட்மாஸ் விதி பல பள்ளிகளில் பிட்மாஸ். 'ஐ ஹாவ் எ டவுட்' என்றால் சந்தேகப்படுகிறீர்கள் என்று எடுப்பார்கள். கேள்வி இருக்கிறது என்று சொல்லுங்கள். சேரும் முன் அந்தப் பள்ளியின் கணிதத் துறையிடம் கணிப்பு முறைக் கையேடு கேட்டு வாங்குங்கள். பிள்ளை ஒரே கணக்கை இரண்டு முறையில் பார்த்துக் குழம்பாது.

சிறப்புத் தேவைப் பிரிவின் பொறுப்பாளர் சென்கோ. உங்கள் வாரம் அவர் தரும் கால அட்டவணைப்படி ஓடும். இ.எச்.சி.பி. என்ற சட்டபூர்வத் திட்டம் உள்ள பிள்ளையோடு வேலை செய்தால், அந்த ஆவணத்தில் 'என்ன உதவி, வாரம் எத்தனை மணி, யார் தர வேண்டும்' என்ற பகுதியை முதலில் படியுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு வரி குறிப்பு எழுதுங்கள்: என்ன உதவி கொடுத்தேன், பிள்ளை தானாக எதைச் செய்தது. ஜி.சி.எஸ்.இ.யில் 25 சதவீதக் கூடுதல் நேரமோ, வாசித்துச் சொல்பவரோ கேட்கும்போது, பிள்ளை வகுப்பில் வழக்கமாக அப்படித்தான் படிக்கிறது என்று காட்ட வேண்டும். உங்கள் குறிப்பு அங்கே சான்றாகும்.

பரீட்சையில் நீங்களே வாசிப்பவராக உட்கார்ந்தால், ஆங்கில மொழித் தாளின் வாசிப்புத் திறன் பகுதியை வாசித்துக் காட்டக் கூடாது. எழுதுபவராக உட்கார்ந்தால் பிள்ளை சொன்னதை அப்படியே எழுத வேண்டும், இலக்கணத்தைத் திருத்தினால் அது முறைகேடு. சொந்தக்காரப் பிள்ளைக்கோ நண்பரின் பிள்ளைக்கோ இந்த வேலை செய்யக் கூடாது. நம்மவர் அடர்த்தியாக வாழும் இடங்களில் இது அடிக்கடி வரும், முன்கூட்டியே பரீட்சை அலுவலரிடம் சொல்லிவிடுங்கள்.

பாதுகாப்பு விதிகளில் சமரசமே இல்லை. 'கீப்பிங் சில்ட்ரன் சேஃப் இன் எஜுகேஷன்' என்ற அரசு வழிகாட்டலின் முதல் பகுதியைப் பிள்ளைகளோடு நேரடியாக வேலை செய்யும் எல்லா ஊழியரும் படித்திருக்க வேண்டும். பிள்ளை ஒன்று வீட்டில் நடப்பதைச் சொல்லத் தொடங்கினால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவிக் கேட்காதீர்கள், "அப்பா அடித்தாரா?" என்று விடையை ஊட்டாதீர்கள். தமிழில் சொன்னால் தமிழ்ச் சொற்களையே எழுதி, கீழே ஆங்கிலத்தில் பொருள் எழுதுங்கள். தேதி, நேரம், கையெழுத்து போட்டு, அன்றே பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். அந்தக் குடும்பத்தைக் கோயிலில் பார்ப்பீர்கள், ஒரே தெருவில் இருப்பார்கள். ஆனாலும் அவர்களிடம் ஒரு சொல்லும் போகக் கூடாது. இப்படியான கூட்டத்துக்கு உங்களை மொழிபெயர்ப்பாளராகக் கூப்பிட்டால், வெளியிலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்யும்படி மரியாதையாகக் கேளுங்கள்.

எச்.எல்.டி.ஏ. மதிப்பீட்டுக்குத் தலைமையாசிரியரின் ஒப்புதல் கட்டாயம். நீங்களாகப் பதிந்துகொள்ள முடியாது. 33 விதிகளுக்கும் சான்று வேண்டும். தனி மாணவர், சிறு குழு, ஆசிரியர் இல்லாத முழு வகுப்பு என மூன்று நிலையிலும் நடத்திய பாடங்களைப் பற்றி எழுதுவது அதன் மையம். சறுக்குவது பெரும்பாலும் எழுத்தில். "நாங்கள் திட்டமிட்டோம்" என்று எழுதுவது நமக்குப் பணிவு. மதிப்பீட்டாளருக்கோ நீங்கள் என்ன செய்தீர்கள் என்றே தெரியாது. "நான் இதைத் தேர்ந்தேன், இந்தக் காரணத்துக்காக, நடுவில் இப்படி மாற்றினேன்" என்று எழுதுங்கள். திட்டத் தாள், பிள்ளையின் வேலை, நீங்கள் கொடுத்த பின்னூட்டம் மூன்றும் ஒரே பாடத்துக்குப் பொருந்த வேண்டும். பெயர்களை மறைத்துவிடுங்கள். முழு வகுப்பு அனுபவம் தானாக வராது, ஒரு பருவம் முன்னமே சென்கோவிடம் கேட்டு வாரம் ஒரு பாடமாவது வாங்குங்கள்.

சம்பளம். விளம்பரத்தில் 26,000 பவுண்ட் என்று போட்டிருந்தால் அது முழு நேர, முழு ஆண்டுக் கணக்கு. வாரம் 37-க்குப் பதில் 32.5 மணி என்றால் 22,800 ஆகும். பள்ளி நடக்கும் 39 வாரங்களுக்கும் அதற்குரிய விடுமுறைக்கும் மட்டும் என்றால் ஏறத்தாழ 0.85-ஆல் பெருக்குங்கள்: சுமார் 19,400. அதை 12 மாதமாகப் பிரித்துத் தருவார்கள். உள்ளூராட்சிப் பென்ஷன் திட்டத்தில் தானாகச் சேர்ப்பார்கள், கையில் வரும் பணம் குறைகிறதே என்று அவசரப்பட்டு விலகாதீர்கள். கடைசியாக, எச்.எல்.டி.ஏ. நிலை கிடைத்துவிட்டால் சம்பளம் தானாக உயராது. அந்தப் பதவி காலியாக இருக்க வேண்டும். சில பள்ளிகள் முழு வகுப்பு நடத்திய மணிகளுக்கு மட்டும் அந்த விகிதத்தைக் கொடுத்து, மற்ற மணிகளுக்குப் பழைய விகிதத்தையே கொடுக்கும். எந்த மணிக்கு எந்த விகிதம், திட்டமிட எத்தனை மணி ஒதுக்கீடு என்ற இரண்டையும் கையெழுத்திடும் முன் எழுத்தில் கேளுங்கள்.