16ஆம் இலக்கம் மாட்டிறைச்சி: கொரியப் பாடசாலைக்குப் போகிற ரீச்சர்மாருக்கு

கொரியாவில் இங்கிலீஷ் படிப்பிக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு வருகிற ஸ்காபரோ பிள்ளைகள் எல்லாரும் என்னிடம் கேட்பது பாடத்தைப் பற்றித்தான். பாடத்தை விடுங்கள். ஆரம்பப் பாடசாலையில் ஒரு பாடம் 40 நிமிடம், கிழமைக்கு 22 பாடம், கையில் புத்தகம், பக்கத்தில் ஒரு கொரிய ஆசிரியர். அது எப்படியும் ஓடிவிடும். நீங்கள் அங்கே நிம்மதியாக இருப்பீர்களா இல்லையா என்பதை முடிவு செய்வது ஆசிரியர் அறையும் சாப்பாட்டு மண்டபமும்.

விசா கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொழி படிப்பிக்கப் போகிறவர்களுக்கான ஈ-2 விசா அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக்காரருக்கு. 2010இல் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தால் இந்தியக் கடவுச்சீட்டுக்காரருக்கும் ஒரு வழி உண்டு, ஆனால் ஆசிரியர் உரிமம் கேட்பார்கள். ‘எபிக்’ என்ற அரசுத் திட்டம் வருடத்தில் இரண்டு தரம் ஆள் எடுக்கும். முடிந்தால் பெப்ரவரியில் போங்கள். அங்கே கல்வியாண்டு தொடங்குவது மார்ச்சில். அரசுப் பாடசாலை ஆசிரியர்களை சில வருடங்களுக்கு ஒரு தரம் இடம் மாற்றுவதும் அதே நேரத்தில்தான் என்பதால், உங்களைப் போலவே வழி தெரியாமல் நிற்கிற புது ஆட்கள் நாலு பேராவது அங்கே இருப்பார்கள். ஓகஸ்டில் போனால் நீங்கள் ஒருவர்தான் முழிக்க வேண்டும்.

முதல் நாள் பையில் உள்ளே போடுகிற செருப்பு ஒரு சோடி இருக்க வேண்டும். வாசலில் சப்பாத்தைக் கழற்றி றாக்கையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். செருப்பு அளவு மில்லிமீற்றரில் இருக்கும். பெரிய கால்காரர் கனடாவிலேயே வாங்கிக்கொண்டு போவது நல்லது. குளிர்காலத்துக்குத் தடித்த சொக்ஸும் வேண்டும். வகுப்புக்குள் ஹீற்றர் இருக்கும், ஆனால் பல பாடசாலைகளில் கொரிடோர் வெளிமுற்றம் மாதிரித்தான்.

பாடசாலையில் பெரியவர் அதிபர், சரி. ஆனால் உங்கள் லீவு, வீடு, கடதாசி வேலை எல்லாம் துணை அதிபரின் மேசையைத் தாண்டித்தான் போகும். அவரைக் ‘கியோகம்’ என்பார்கள். காலையில் வந்ததும் அவர் மேசைப் பக்கம் போய்த் தலை குனிந்து வணக்கம் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு நாலு தரம் கண்டால் நாலு தரமும் குனியலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். ‘சொன்செங்னிம்’ என்றால் ஆசிரியர் எல்லாருக்கும் பொருந்தும்.

கணினியில் ஒரு மெசெஞ்சர் மினுங்கிக்கொண்டே இருக்கும். எல்லாம் கொரிய மொழியில். பாதிச் செய்தி உங்களுக்குத் தேவையில்லாததுதான், ஆனால் ஐந்தாம் பாடம் மூன்றாம் பாடமாகிவிட்டது என்பதும் அதில்தான் வரும், அதுவும் இரண்டாம் பாடம் முடிகிற நேரத்தில். எல்லாவற்றையும் பாப்பகோ என்ற மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பாருங்கள். தயாரிப்பில்லாமல் ஓடக்கூடிய விளையாட்டு ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும். யார் முதலில் என்று பிள்ளைகள் சண்டை பிடித்தால் ‘காவி பாவி போ’ என்று கையை நீட்டுங்கள். நம்முடைய கல், கடதாசி, கத்தரிதான். அந்தத் தீர்ப்பை எதிர்த்து அங்கே ஒரு பிள்ளையும் வாய் திறப்பதில்லை.

இனிச் சாப்பாடு. எங்கள் ஆட்கள் தடுமாறுவது இங்கேதான். எஃகுத் தட்டில் இடது பக்கம் சோறு, வலது பக்கம் சூப், மேலே கிம்ச்சியும் இரண்டு மூன்று கறியும். மாதப் பட்டியலை முன்கூட்டியே தருவார்கள். அதில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பக்கத்தில் சின்னச் சின்ன இலக்கங்கள் இருக்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காகப் போடுவது. நாடு முழுக்க ஒரே இலக்கம்தான். 9 இறால், 10 பன்றி, 15 கோழி, 16 மாடு, 17 கணவாய். கொரிய எழுத்து ஒன்றுமே தெரியாவிட்டாலும் இதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். நான் மாடு சாப்பிடுவதில்லை. மாதம் பிறந்தவுடன் பட்டியலில் உள்ள 16 எல்லாவற்றையும் சிவப்புப் பேனையால் சுற்றி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுவேன். கடற்பாசி சூப்பைப் பார்த்தால் வெறும் கீரைத் தண்ணி போல இருக்கும், ஆனால் பெரும்பாலும் அதில்தான் 16 ஒளிந்திருக்கும். கிம்ச்சியில் 9 இருக்கும், உப்பிட்ட இறால் போடுவதால்.

முழு மரக்கறிக்காரருக்கு இந்த இலக்கமும் போதாது. நெத்தலி அந்தப் பட்டியலிலேயே இல்லை, ஆனால் பாதிச் சூப் நெத்தலி அவித்த தண்ணியில்தான் கொதிக்கிறது. முதல் கிழமையே சத்துணவுக்குப் பொறுப்பான ஆசிரியரைக் கண்டு கதையுங்கள். உங்களுக்கென்று தனியாகச் சமைக்க மாட்டார், எது ஆபத்தில்லாதது என்று சொல்லுவார். சாப்பாட்டுக் காசு மாதாமாதம் சம்பளத்தில் கழியும். வேண்டாமென்றால் நேரத்தோடு சொல்லி நிறுத்திவிட்டு வீட்டிலிருந்து சாப்பாட்டுப் பெட்டி கட்டிக்கொண்டு போகலாம். நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆசிரியர்கள் உங்களோடு வாய் திறந்து கதைக்கிற ஒரே இடம் அந்த மேசைதான்.

மஞ்சள் கறி வருகிற நாளில் பிள்ளைகள் எல்லாரும் திரும்பி உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். “ரீச்சர், இந்தியாவா?” கனடா என்றால் நம்ப மாட்டார்கள். நான் உலகப் படத்தைத் திறந்து யாழ்ப்பாணத்தையும் ரொறன்ரோவையும் காட்டிவிடுவேன். அதிலேயே ஒரு பாடம் முடிந்துவிடும். அந்தக் கறி இனிக்கும், உறைப்பே இருக்காது. நல்லது என்று சொல்லிச் சாப்பிடுங்கள். சாப்பிட்டு முடிந்ததும் ஆசிரியர்கள் கொரிடோரில் நடந்தபடியே பல் துலக்குவார்கள். உங்கள் லாச்சியிலும் ஒரு பிரஷ் இருக்கட்டும்.

பெற்றோர் கோப்பி, கேக் என்று கொண்டு வந்தால் வாங்க வேண்டாம். 2016இல் வந்த இலஞ்சத் தடைச் சட்டம் பாடசாலைக்கும் பொருந்தும், மே 15 ஆசிரியர் தினம் என்றாலும் விதிவிலக்கில்லை. சக ஆசிரியர்கள் மேசையில் வைத்துவிட்டுப் போகிற தோடம்பழத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம், அடுத்த தரம் நீங்களும் எதையாவது பகிர்ந்தால் சரி.

பாடசாலை விடுமுறையில் பிள்ளைகள் இல்லாத கட்டடத்தில் நீங்கள் மட்டும் மேசையில் இருக்க வேண்டி வரும். ஹங்குல் என்கிற கொரிய எழுத்துப் பழக அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

அப்புறம், திரும்பி வருகிறபோது கனடாக்காரர் கொரிய ஓய்வூதியக் காசை மொத்தமாக எடுக்கலாம். நீங்கள் கட்டியதும் உங்கள் பேரில் வேலை தந்தவர்கள் கட்டியதும் இரண்டும் வரும். பிரித்தானியாக்காரருக்கு இது இல்லை. பறக்க முதல் விமானச் சீட்டு, கடவுச்சீட்டு, வெளிநாட்டவர் பதிவு அட்டை, வங்கிக் கணக்கு விபரம் எல்லாவற்றோடும் ஓய்வூதிய அலுவலகத்துக்கு நேரில் போங்கள்.