முகவரி சிவகாசி, பணம் போவது எங்கே? பட்டாசுக் கடைகளின் பெயரில் வரும் போலித் தளங்களைக் கண்டுபிடிக்கும் முறை

போன தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு எங்கள் தெருவில் நான்கு வீட்டார் சேர்ந்து பட்டாசு வாங்க முடிவு செய்தோம். என் மைத்துனர் ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரத்தைப் பிடித்தார். சிவகாசியில் நாங்கள் இரண்டு முறை நேரில் போய் வாங்கிய கடையின் பெயர், அதே சின்னம், அதே கடை முகப்பின் படம். பதினோராயிரத்துச் சொச்சம் அனுப்பினார். ஒரு வாரம் கழித்து அந்த வாட்ஸ்அப் எண் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. பழைய பில்லைத் தேடியெடுத்து அதிலிருந்த எண்ணுக்கு நான் அழைத்தேன். "அது எங்கள் தளம் இல்லை, அண்ணாச்சி. எங்களுக்குத் தளமே கிடையாது" என்றார் கடைக்காரர். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. அன்று காலையிலிருந்து அவருக்கு வந்த இதே மாதிரி அழைப்புகளில் எங்களுடையது நான்காவது.

அந்தப் பில் முதல் நாளிலிருந்தே எங்கள் வீட்டு இழுப்பறையில்தான் இருந்தது. தளத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். தளத்துக்குள் இருப்பதெல்லாம் திருடன் எழுதி வைத்தது. அதை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அவன் காட்ட விரும்பியதுதான் தெரியும். அவன் கை படாத இடங்களில் போய் விசாரிக்க வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் சில இருக்கின்றன. கைப்பேசியும் இருபது நிமிடப் பொறுமையும் இருந்தால் போதும். பட்டாசை வைத்துச் சொல்கிறேன். காஞ்சிபுரம் பட்டுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

படி 1: இணைய முகவரியைப் பின்னாலிருந்து படியுங்கள்

தளத்தின் முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோடு வரும் இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள். 'கடைபெயர்.இன்.சலுகை.ஷாப்' என்று இருந்தால், முதலில் கண்ணில் படுவது கடைபெயர்தான். ஆனால் அந்தத் தளம் 'சலுகை.ஷாப்' என்ற பெயரைப் பதிவு செய்தவருக்குச் சொந்தமானது. அதற்கு முன்னால் அவர் எந்தக் கடையின் பெயரை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கடைப்பெயரோடு 'ஆஃபர்', 'சேல்', 'தீபாவளி' என்று ஒரு கோடு போட்டுச் சேர்த்திருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

பூட்டுச் சின்னத்தை நம்ப வேண்டாம். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் யார் என்பதற்கு அது சாட்சி சொல்லாது.

படி 2: தளத்துக்கு என்ன வயது?

'ஹூஈஸ்' (WHOIS) என்ற சேவையை இணையத்தில் தேடினால் இலவசமாகக் கிடைக்கும். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அது எந்த நாளில் பதிவு செய்யப்பட்டது என்று காட்டும். 'மூன்று தலைமுறையாக' என்று முகப்பில் எழுதிய தளம் சென்ற மாதம் பிறந்ததாக இருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். ஆனாலும் உடனே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். உண்மையான பழைய கடை இந்த ஆண்டுதான் தளம் தொடங்கியிருக்கலாம். வேறொருவர் கைவிட்ட பழைய பெயரைத் திருடர்கள் விலைக்கு வாங்குவதும் உண்டு.

ஃபேஸ்புக் பக்கத்துக்கும் இதே சோதனை இருக்கிறது. பக்கத்தின் 'வெளிப்படைத்தன்மை' பகுதியில் அது எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்பவை தெரியும். நேற்று வரை சமையல் குறிப்புப் பக்கமாக இருந்தது இன்று பட்டாசுக் கடை ஆகியிருந்தால் அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை.

படி 3: ஜிஎஸ்டி எண்

இதில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் பலரும் பாதியிலேயே திருப்தியடைந்துவிடுவது இங்கேதான்.

ஜிஎஸ்டி எண்ணில் மொத்தம் 15 இடங்கள். முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. சிவகாசிக் கடை என்று சொல்லிக்கொண்டு வேறு எண்ணில் தொடங்கினால் கேள்வி கேளுங்கள். அடுத்த பத்து இடங்கள் உரிமையாளரின் பான் எண். அதில் நான்காவது எழுத்து, அதாவது ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது இடம், 'பி' (P) என்றால் தனிநபர், 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், 'சி' என்றால் கம்பெனி. 'பிரைவேட் லிமிடெட்' என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு ஆறாவது இடத்தில் 'பி' இருந்தால் இரண்டில் ஒன்று பொய்.

அரசின் ஜிஎஸ்டி தளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பகுதிக்குப் போங்கள். கணக்கு எதுவும் தொடங்க வேண்டியதில்லை. எண்ணை உள்ளிட்டால் சட்டப்படியான பெயர், வணிகப் பெயர், முகவரி, பதிவு செய்த நாள், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்ற விவரங்கள் வரும். சட்டப்படியான பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியொரு கடை இருக்கிறது என்பது மட்டுமே இதுவரை உறுதியாகியிருக்கிறது. இந்தத் தளம் அந்தக் கடையுடையதா என்பது இன்னும் தெரியாது. ஜிஎஸ்டி எண் ஒவ்வொரு பில்லிலும் அச்சாகிறது; ஒரு முறை ஐம்பது ரூபாய்க்குக் கம்பி மத்தாப்பு வாங்கினால் போதும், அந்த எண்ணை நகலெடுத்துக்கொள்ளலாம். என் மைத்துனர் பார்த்த தளத்தில் இருந்த எண் நூற்றுக்கு நூறு உண்மையானது.

விற்றுமுதல் குறைவான சிறு கடைகள் பதிவு செய்யாமலே இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். உணவுப் பொருள் என்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கும். அதையும் இப்படியே சரிபார்க்கலாம். அங்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

படி 4: கடையை வேறு வழியில் பிடியுங்கள்

தளத்தில் இருக்கும் எண்ணுக்கு அழைத்து 'நீங்கள்தானா?' என்று கேட்டால் 'நாங்கள்தான்' என்று சொல்வார்கள். அது விசாரணை ஆகாது. பழைய பில், கடை கொடுத்த துணிப்பை, ஊரிலிருக்கும் உறவினர் என்று ஏதாவது ஒரு வழியில் வேறு எண்ணைக் கண்டுபிடியுங்கள். சிவகாசியின் எஸ்டிடி குறியீடு 04562. அதில் தொடங்கும் தரைவழித் தொலைபேசி எண் கிடைத்தால் நல்லது. தேடுபொறியில் முதலில் வரும் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம், காசு கொடுத்தவர் யாராகவும் இருக்கலாம். வரைபடச் செயலியில் உள்ள எண்ணையும் வெளியாட்கள் திருத்தச் சொல்லி விண்ணப்பிக்க முடியும். ஆகவே இரண்டு இடங்களில் ஒத்துப்போகும் எண்தான் வேண்டும்.

கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இந்தப் பெயரில் ஒரு தளம் இருக்கிறது, அது உங்களுடையதா?" முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள். இந்த ஓர் அழைப்பு மற்ற எல்லாப் படிகளையும் விட மேலானது. நேரமே இல்லை என்றால் மற்றவற்றை விட்டுவிட்டு இதை மட்டும் செய்யுங்கள்.

படி 5: விலையும் அனுப்பும் முறையும்

'அதிகத் தள்ளுபடி என்றால் போலி' என்று எல்லோரும் சொல்வார்கள். சிவகாசியில் அது செல்லாது. அச்சிட்ட விலையில் 80 விழுக்காடு தள்ளுபடி என்பது நல்ல கடைகளின் விலைப்பட்டியலிலேயே காலங்காலமாக இருக்கும் வழக்கம். அச்சிட்ட விலையே அதற்கு ஏற்றபடி உயர்த்தி வைக்கப்பட்டது. ஆகவே தள்ளுபடியைப் பார்க்காதீர்கள், கடைசியில் கையைவிட்டுப் போகும் தொகையைப் பாருங்கள். அதே பிராண்டின் அதே பெட்டிக்கு இரண்டு கடைகளில் என்ன கேட்கிறார்கள் என்று ஒப்பிடுங்கள். மற்றவர்கள் கேட்பதில் பாதிக்கும் குறைவாக இருந்தால் அங்கே பட்டாசு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பட்டுச் சேலைக்குத்தான் அந்தப் பழைய அறிவுரை அப்படியே பொருந்தும். அசல் சரிகையை ஆயிரம் ரூபாய்க்கு யாராலும் தர முடியாது.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. இணையத்தில் பட்டாசு விற்பதற்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. அதனால் சிவகாசிக் கடைகள் பலவற்றின் தளங்களில் விலைப்பட்டியலும் மதிப்பீடு கேட்கும் படிவமும் மட்டுமே இருக்கும். 'கூடையில் சேர்' என்று அழுத்தி முழுப் பணத்தையும் அங்கேயே கட்டச் சொல்லும் தளம், போலியாக இல்லாவிட்டாலும், அந்த உத்தரவை மீறுகிறது. 'தபாலில் வீட்டு வாசலுக்கே வரும்' என்றால் சிரித்துவிட்டு மூடிவிடுங்கள். வெடிபொருளைத் தபாலில் ஏற்க மாட்டார்கள். ரயிலில் கொண்டுபோவதும் தண்டனைக்குரிய குற்றம். உள்ளூரில் உரிமம் பெற்ற கடையில் வாங்குவதே மேல் என்பது இப்போது என் கட்சி. விலை சற்றுக் கூடத்தான் செய்யும்.

படி 6: பின் எண்ணை அழுத்துவதற்கு முந்திய நொடி

யுபிஐ-யில் பணம் அனுப்பும்போது பெறுபவரின் வங்கிப் பதிவுப் பெயர் திரையில் வரும். படி 3-இல் எழுதி வைத்த சட்டப்படியான பெயரை எடுங்கள். சின்னக் கடைக்காரர்கள் தங்கள் சொந்தப் பெயரில் கணக்கு வைத்திருப்பது சாதாரணம், ஆகவே தனிநபர் பெயர் வந்தாலே போலி என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் தனி உரிமையாளர் கடை என்றால் ஜிஎஸ்டி பதிவில் இருக்கும் சட்டப்படியான பெயரும் அவருடைய பெயராகத்தான் இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். மைத்துனர் பணம் அனுப்பிய பெயருக்கும் சிவகாசிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்தப் பெயர் திரையில் வந்ததை அவர் பார்த்தார், 'கணக்காளராக இருக்கும்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பணம் கட்டிய பிறகு 'லாரி அனுமதிக் கட்டணம்', 'வரி பாக்கி' என்று மறுபடி கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். 'திருப்பித் தருகிறோம், பின் எண்ணைப் போடுங்கள்' என்றாலும் அப்படியே. உங்களுக்குப் பணம் வர 'பின்' எண்ணே தேவையில்லை.

பணம் போய்விட்டால்

இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள், நாளை என்று தள்ளாதீர்கள். போன பணம் கணக்குக் கணக்காகத் தாவிக்கொண்டே இருக்கும். அது நிற்கும் கணக்கை முடக்குவதுதான் இந்த எண்ணின் வேலை, அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். பரிவர்த்தனையின் 12 இலக்க யுபிஐ எண், தளத்தின் முழு முகவரி, வாட்ஸ்அப் உரையாடலின் படங்கள் ஆகியவற்றை முதலிலேயே சேமித்து வையுங்கள். தளம் எந்த நிமிடமும் மறைந்துவிடும். வங்கிக்கும் சொல்லுங்கள். பட்டாசு வாங்கியதே தப்போ என்று பயந்து பலர் புகார் கொடுக்காமல் இருந்துவிடுகிறார்கள். திருடனுக்கு வசதி அதுதான். அசல் கடைக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், தன் பெயரில் நடப்பது பற்றி அவர்களும் புகார் கொடுக்க முடியும்.

நாங்கள் எட்டு நாள் கழித்துப் புகார் கொடுத்தோம். அதற்குள் கணக்கு காலி. அடுத்த வாரம் மைத்துனருக்கு வேறொரு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது: இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய்தான் என்றார்கள். இம்முறை அவர் அனுப்பவில்லை.