வளையத்துக்குள் போகாத எர்த் வயர்

கொள்ளுப்பிட்டியில் நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் 11 கேவி (11,000 வோல்ட்) சுவிட்ச்கியரின், அதாவது மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் சுவிட்ச் பெட்டிகளின், ஒரு ஃபீடர் (ஒரு கேபிள் லைன்) மட்டும் எர்த் ஃபால்ட் (மின்சாரம் நிலத்துக்குக் கசிகிறது) என்று அடிக்கடி ட்ரிப் ஆனது. நான்கு நாள் வீண். மழை ஈரமாக இருக்கும் என்று கேபிளை மெகர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்துச் சோதித்தோம். இன்சுலேஷன் நன்றாகவே இருந்தது. ஃபால்ட்டைக் கண்டு ட்ரிப் செய்யச் சொல்லும் ரிலேக்குக் கரண்ட் ஏற்றிச் சோதித்தோம். அதிலும் பிழை இல்லை.

ஐந்தாம் நாள் ஃபீடரை நிறுத்தி, மின்சாரம் இல்லையென டிடெக்டரில் உறுதி செய்து, எர்த் சுவிட்சைப் போட்டபின் கேபிள் பெட்டியைத் திறந்தோம். மூன்று கோர்களோடு (மின்சாரம் ஓடும் கம்பிகள்) அவற்றைச் சுற்றிய செம்பு உறையான ஸ்கிரீனும் வளைய சிடிக்குள் ஏறிப் போகிறது. தனக்குள் ஓடும் கரண்டுகளின் கூட்டலை அளந்து ரிலேக்குச் சொல்லும் வளையம்தான் இந்த சிடி. ஆனால் ஸ்கிரீனின் எர்த் வயரை சிடிக்கு மேலேயே எர்த் பாரில் முடுக்கியிருந்தார்கள்! அப்படியென்றால் வேறெங்கோ நடக்கும் ஃபால்ட்டில் ஸ்கிரீன் வழியே ஓடும் கரண்டையும் சிடி இந்த ஃபீடரின் கணக்கில் எழுதிவிடும்.

வயருக்கு இன்சுலேஷன் போட்டு, வளையத்துக்குள் மேலிருந்து கீழாக இறக்கி, அப்புறம் பாரில் கட்டினோம். ஏறுவதும் இறங்குவதும் சமனாகிவிடும். ஸ்கிரீன் சிடிக்குக் கீழேயே முடிந்திருந்தால் மட்டும் வயரை உள்ளே விடக்கூடாது; அது தலைகீழ்ப் பிழை. மூன்று வாரமாக ட்ரிப் இல்லை, நிம்மதி.