லுவோ மொழியில் மிரட்டலைக் கண்டுகொள்வது எப்படி?

லுவோ மொழி பேசப்படும் கென்யாவின் கிசுமு நகருக்கு வேலைக்கு வருகிறவர்கள் முதலில் வணக்கமும் நன்றியும் கற்றுக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒருவர் மிரட்டும்போது அது மிரட்டல் என்றே தெரியாமல் சிரித்துக்கொண்டு நிற்பது ஆபத்து. அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு இதையும் சேர்த்தே சொல்லித் தருகிறேன். நாம் பேசுவதற்கு அல்ல, காதில் விழுந்தால் புரிவதற்கு.

சத்தத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கிபூயே சந்தையில் ஒமேனா மீனை டின்னில் அளந்து விற்கும் பெண்கள் உரக்கத்தான் பேசுவார்கள். அது சண்டை இல்லை. 'பெட் பிஞ்' என்றால் 'உட்கார்'. இதை ஒருமையில் சொன்னால் அவமதிப்பு என்று நமக்குத் தோன்றும். அங்கே அப்படி இல்லை. பன்மை பலரைச் சேர்த்துச் சொல்லத்தான். மரியாதை இருப்பது கூப்பிடும் முறையில்: பெரியவர் 'ஜாடுவோங்', அகின்யியின் அம்மா 'மின் அகின்யி'.

காதைத் தீட்ட வேண்டிய இடம் 'அபிரோ'. 'நான் செய்வேன்' என்பதன் தொடக்கம் அது. அடுத்து வரும் வினை 'இ' என்று முடிந்தால் அது உங்களைக் குறிக்கிறது. 'அபிரோ கோன்யி' என்றால் உனக்கு உதவுவேன். 'அபிரோ கோயி' என்றால் உன்னை அடிப்பேன். 'அபிரோ நேகி' என்றால் உன்னைக் கொல்வேன். மூன்றுக்கும் ஒரே அமைப்பு, அதனால் வினையைத் தனியாகப் பிடிக்கப் பழகுங்கள். 'அபிரோ கோயோனி சிமோ' (உனக்குப் போன் செய்வேன்) என்று கேட்டால் மட்டும் பயப்பட வேண்டாம். நாம் போன் அடிப்பதைப் போல அவர்களும் போனை 'அடிக்கிறார்கள்'.

வசைகளில் 'ஒஃபுவோ' (முட்டாள்) நண்பர்களுக்குள் விளையாட்டாகவும் வரும். 'ஜாஜுவோக்' அப்படி இல்லை. சூனியக்காரர் என்று ஒருவரைச் சொல்வது அவர் குடும்பத்தையே ஊரிலிருந்து ஒதுக்கிவிடக்கூடும். 'ஜாகுவோ' (திருடன்) இன்னும் மோசம். சந்தையில் அந்தக் கூச்சல் எழுந்தால் கூட்டம் கூடிவிடும், ஆளை அடித்தே கொன்ற சம்பவங்கள் கென்யாவில் உண்டு. வேடிக்கைக்குக்கூட அதை வாய்விட்டுச் சொல்லாதீர்கள். உங்கள் பக்கத்தில் யாராவது கத்தினாலும் நின்று பார்க்காமல் அங்கிருந்து நகருங்கள்.

புரியாத வசை காதில் விழுந்தால் கடைவீதியில் அதைத் திருப்பிச் சொல்லி அர்த்தம் கேட்காதீர்கள். வீட்டுக்கு வந்து, நம்பிக்கையான ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள். பெண்கள் பெண்களிடமும் ஆண்கள் ஆண்களிடமும் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். தாயை இழுக்கும் வசைகளே கடுமையானவை. ஆனால் 'மினு' என்ற சொல் மட்டும் வந்தால் பதறாதீர்கள்: 'மினு நி கான்யே' என்பது 'உன் அம்மா எங்கே' என்ற சாதாரணக் கேள்வி.

நிஜமாகவே மிரட்டினால் மூன்று சொற்கள் போதும். தெரியாமல் இடித்துவிட்டீர்கள், அவர் கோபப்படுகிறார் என்றால் 'ங்வோனா' (மன்னித்துவிடு). கையைப் பிடித்தால் 'வேயா' (விடு). அதற்கும் விடவில்லையா, சுற்றியிருப்பவர்களைப் பார்த்து உரக்க 'கோன்யா' (காப்பாற்று) என்று கூப்பிடுங்கள்.