பழைய பெர்ஃபார்மன்ஸ் கார் வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

சாதாரணக் காரை ஓடிய கிலோமீட்டரை வைத்து ஓரளவு எடைபோட்டுவிடலாம். வேகத்துக்காகவே கட்டிய காரில் அது பாதிக் கணக்குத்தான். எப்படி மிதித்து ஓட்டினார்கள் என்பது மீதிக் கணக்கு, அது இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் வெளியே தெரியும்.

படி 1: "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் திறந்து இன்ஜின் மேல் புறங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பலாம். ஆறியிருந்தால் ஆயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பால் காபி நிறத்தில் பசை இருந்தாலும் உடனே பயப்பட வேண்டாம். குறைந்த தூரம் மட்டுமே ஓடும் காரில் ஈரத்தாலும் அது படியும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியிலும் அதே நிறம் என்றால், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஆயிலில் கலக்கிறது. இன்ஜினின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

படி 2: விற்பவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். ஆயில் எரிந்தால் புகை நீலமாக வரும். நீலப் புகை குப்பென்று வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் தேய்மானம். மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்மானம். இது பெரிய செலவு. சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகையில் இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் எரிகிறது.

படி 3: மெக்கானிக்கை வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. இதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்கவே வேண்டாம்.

படி 4: டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சுழலி) உள்ள கார் என்றால், இன்ஜின் அணைந்திருக்கும்போது காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போ ஷாஃப்ட் நுனியை இரண்டு விரலால் பிடித்து அசையுங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னும் ஆடுவது கைக்குத் தெரிந்தாலோ, இறக்கைகள் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ மாற்ற வேண்டியதுதான்.

படி 5: டயரின் உள்விளிம்பைக் கையால் தடவுங்கள். வெளியே நன்றாக இருந்து உள்ளே வழுக்கினால் வீல் அலைன்மென்ட் கோளாறு, அல்லது சஸ்பென்ஷன் அடிபட்டிருக்கிறது. பக்கவாட்டில் 2321 என்று இருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது. நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் காரில் நான்கு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்யும் டிஃபரன்ஷியல் கெடும்.

படி 6: ஓட்டிப் பாருங்கள். மேனுவல் கியர் என்றால், நான்காவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டாவது கியர் விழும்போது கரகரத்தால், கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது.

படி 7: காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் போடுங்கள். "கோளாறு எதுவும் இல்லை" என்று வந்தாலும், கார் தானே செய்துகொள்ளும் சுயபரிசோதனைகள் பல முடியாமலே கிடந்தால் கோளாறுப் பதிவுகளைச் சமீபத்தில் அழித்திருக்கலாம், பேட்டரியைக் கழற்றி மாட்டியும் இருக்கலாம். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி பாருங்கள்.

கடைசியாகச் சக்கர வளைவுக்குள் டார்ச் அடியுங்கள். உருகி ஒட்டிய ரப்பர் துணுக்குகள் தெரிந்தால் கார் ரேஸ் டிராக்கில் ஓடியிருக்கலாம். அப்படியானால் பிரேக் டிஸ்க்கில் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நிதானமாகத் தேடுங்கள்.