சதுரங்களால் ஓர் அறை: வியெய்ரா ட சில்வாவின் வழியில் உங்கள் முதல் அரூப எண்ணெய் ஓவியம்

அரூப ஓவியம் வரைய ஆசைப்படும் பலரும் கேன்வாஸ் முன்னால் உட்கார்ந்ததும் திகைத்துப் போகிறார்கள். எதைப் பார்த்து வரைவது? எங்கே ஆரம்பிப்பது? மனம்போன போக்கில் வண்ணத்தை இழுத்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் கலந்து சேற்று நிறமாகிவிடுகிறது. இந்தச் சிக்கலுக்கு எனக்குத் தெரிந்த நல்ல மருந்து ஓவியர் மரியா எலெனா வியெய்ரா ட சில்வா. அவர் அரூபத்துக்குள் போன வழி மிகத் தெளிவானது. ஓர் அறையைப் பார்த்தார். அதைச் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைத்தார். அவ்வளவுதான் தொடக்கம். அதே வழியில் நாமும் ஒரு சின்ன ஓவியம் வரைந்து பார்ப்போம்.

அவர் 1908ல் லிஸ்பனில் பிறந்தவர். 1928ல் பாரிஸுக்குப் போய் முதலில் சிற்பம் படித்தார், பிறகு ஓவியத்துக்கு வந்தார். ஹங்கேரி ஓவியர் ஆர்பாட் செனெஷை மணந்ததால் போர்ச்சுகல் குடியுரிமையை இழந்தார். உலகப் போர்க்காலத்தில் இருவரும் பிரேசிலில் அடைக்கலம் புகுந்து 1947 வரை அங்கே இருந்தார்கள். 1956ல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. 1992ல் பாரிஸில் காலமானார். அவருடைய சொந்த ஊரும் அவரை விட்டுவிடவில்லை. லிஸ்பனில் பழைய பட்டு நெசவாலை ஒன்றில், அமொரெய்ராஸ் என்ற முசுக்கட்டை மரங்களின் பெயர் தாங்கிய சதுக்கத்தில், 1994 முதல் அவர்கள் இருவருக்குமான அருங்காட்சியகம் இருக்கிறது.

நாம் பார்க்கப்போகும் படம் 1935ல் அவர் தீட்டிய 'ஓடுகள் பதித்த அறை'. இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. உயரம் 60 செ.மீ, அகலம் 90 செ.மீக்குச் சற்று மேல். அதில் ஆள் இல்லை, மேசை நாற்காலி இல்லை. தரை, சுவர், கூரை எல்லாம் வண்ணத் துண்டுகள். ஆனால் பார்த்த உடனே உள்ளே நடந்து போகலாம் போலத் தோன்றும். அந்த உணர்வு எங்கிருந்து வருகிறது என்பதைக் கையால் வரைந்து பார்த்தால்தான் புரியும். அதனால் படத்தை இணையத்தில் தேடி ஒரு ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வாருங்கள்.

என்னென்ன வேண்டும்

12க்கு 16 அங்குல கேன்வாஸ் ஒன்று போதும். கடையில் வாங்கும் கேன்வாஸில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசியே இருக்கும். இன்னொரு கை பூசி, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பிரஷ் வழுக்கிக்கொண்டு போகும்.

வண்ணத்தில் ஐந்து ட்யூப்: டைட்டானியம் ஒயிட், அல்ட்ராமரின் ப்ளூ, பர்ன்ட் அம்பர், யெல்லோ ஓக்கர், ஏதாவது ஒரு காட்மியம் ரெட் ஹியூ. கருப்பு வாங்காதீர்கள். அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பரும் சேர்ந்தால் ட்யூபில் வரும் கருப்பை விட உயிருள்ள கருமை கிடைக்கும். பிரஷ் மூன்று: 4 நம்பர் ஃபிளாட், 8 நம்பர் ஃபிளாட், கோடு இழுக்க 1 நம்பர் ரவுண்டு. டர்பன்டைன், லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்), ஒரு பேலட் கத்தி, பழைய பருத்தித் துணி. பேலட்டுக்கு, அதாவது வண்ணம் கலக்கும் பலகைக்கு, ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து அடியில் சாம்பல் நிறத் தாளை வையுங்கள். கலக்கும் நிறத்தின் உண்மையான வெளிச்சம், அதாவது அது எவ்வளவு வெளிர், எவ்வளவு இருள் என்பது, அப்போதுதான் தெரியும்.

ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது: லின்சீட் ஆயில் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப் போட்ட பிறகுதான் தூக்கிப் போட வேண்டும்.

முதல் நாள்: ஓர் அறையைப் பாருங்கள்

உங்கள் வீட்டு நடையிலோ, அலுவலக வராந்தாவிலோ ஒரு முனையில் உட்காருங்கள். உள்ளங்கை அளவுத் தாளில் பென்சிலால் நான்கு கோடு போதும்: தரையும் சுவரும் சேரும் இடம், சுவரும் கூரையும் சேரும் இடம். அந்தக் கோடுகள் எல்லாம் தூரத்தில் ஒரு புள்ளியை நோக்கி ஓடுவது தெரியும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தப் புள்ளிக்கு இடதுபுறம் கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி வையுங்கள். கேன்வாஸில் வரையும்போது பாதிக் கோடுகள் முதல் புள்ளிக்கும், மீதிக் கோடுகள் இரண்டாவதற்கும் போகட்டும். வியெய்ரா ட சில்வாவின் படங்களில் இடம் ஒரே புள்ளியில் அடங்கிப் போவதில்லை. கண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் பாதி வழியில் இன்னொன்று இழுக்கும். 1950ல் வரைந்த 'தாழ்வாரம்' படத்தின் சாம்பல் நிறக் கோடுகளிலும் இதே இழுபறிதான். இரண்டு புள்ளி என்பது சின்ன மாற்றமாகத் தெரியும், ஆனால் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அடிப்பூச்சு

பர்ன்ட் அம்பரில் கொஞ்சம் அல்ட்ராமரின் சேர்த்து, டர்பன்டைன் தாராளமாக ஊற்றி, கடுந்தேநீர் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். 8 நம்பர் பிரஷ்ஷால் கேன்வாஸ் முழுக்கப் பூசி, உடனே துணியால் ஒற்றி எடுங்கள். வெள்ளை போனால் போதும். வெள்ளைக் கேன்வாஸில் எந்த நிறத்தை வைத்தாலும் இருட்டாகத் தெரியும், அதை நம்பி ஏமாந்து போவோம். இந்தப் பழுப்புப் பரப்பு பின்னால் கோடாகவும் பயன்படப் போகிறது. மறுநாள் வரை காய விடுங்கள். அம்பர் சீக்கிரம் காயும் நிறம்.

இரண்டாம் நாள்: கட்டங்கள்

அதே கலவையைக் கொஞ்சம் கெட்டியாக்கி, ரவுண்டு பிரஷ்ஷால் நேரடியாகக் கேன்வாஸில் கோடு இழுங்கள். முதலில் ஆழத்தை நோக்கி ஓடும் கோடுகள், அப்புறம் அவற்றைக் குறுக்கே வெட்டும் கோடுகள். முன்னால் இருக்கும் கட்டம் ஒரு அங்குல அகலம் இருக்கட்டும். உள்ளே போகப் போகச் சுருங்கி, கடைசியில் அரிசி மணி அளவுக்கு வரட்டும்.

ஸ்கேல் வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். ஸ்கேல் வைத்த கோட்டில் கையும் இல்லை, மூச்சும் இல்லை. போர்ச்சுகலில் வீட்டுச் சுவர், தேவாலயம், ரயில் நிலையம் என்று எங்கும் பதித்திருக்கும் 'அசுலேஜு' ஓடுகளைப் பார்த்து வளர்ந்தவர் இவர். அந்தப் பழைய ஓடுகள் கையால் தீட்டியவை. பக்கத்துக்குப் பக்கம் சுமார் 14 செ.மீ என்றாலும் ஒன்றின் நீலம் அடுத்ததன் நீலம் ஆகாது, ஓரங்கள் துல்லியமாகப் பொருந்தாது. தூரத்திலிருந்து பார்த்தால் சுவரே அசைவது போல இருக்கும். நம் கட்டங்களும் அப்படித்தான் இருக்க வேண்டும். சில நீண்டு, சில நசுங்கி, ஒன்றிரண்டு சாய்சதுரமாகக் கூட.

சாம்பல் நிறங்கள்

கட்டத்தை நிரப்புவதற்கு முன் அரை மணி நேரம் பேலட்டில் செலவிடுங்கள். அல்ட்ராமரின், அம்பர் கலவையில் வெள்ளையைச் சேர்த்துக்கொண்டே போய் ஐந்து படியாக வெளுப்பாக்குங்கள். அப்புறம் ஒவ்வொரு படியையும் இரண்டாகப் பிரித்து, ஒன்றில் நீலம் ஒரு துளி கூட்டிக் குளிர்ச்சியாக்குங்கள், மற்றதில் ஓக்கர் கூட்டி வெதுவெதுப்பாக்குங்கள். பத்து சாம்பல் ஆயிற்று. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். ஒரே படியில் இருக்கும் குளிர்ந்த சாம்பலும் வெதுவெதுப்பான சாம்பலும் ஒன்றாகக் கலந்து தெரிந்தால் சரி. ஒன்று துருத்திக்கொண்டு நின்றால் வெளிச்சம் தவறியிருக்கிறது, திருத்துங்கள்.

ஒரு கட்டத்தை நிரப்புவது

4 நம்பர் ஃபிளாட் பிரஷ்ஷின் நுனியில் மட்டும் வண்ணம் எடுங்கள். கட்டத்தின் நடுவில் வைத்து, அங்கிருந்து ஓரத்தை நோக்கித் தள்ளுங்கள். கோட்டைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்திவிடுங்கள். பிரஷ்ஷைத் தூக்கும்போது ஓரத்தில் வண்ணம் மெல்லிய வரம்பாக ஒதுங்கி நிற்கும். அந்த வரம்புக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் அடிப்பூச்சின் பழுப்பு இழையாகத் தெரியும். பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் வரம்புக்கு ஒரு பளபளப்பு, பள்ளத்துக்கு ஒரு நிழல். இந்த இழைதான் படம் முழுவதையும் கட்டி வைக்கிறது. அவசரத்தில் அதை மூடிவிட்டால் வெறும் சாம்பல் பரப்புதான் மிஞ்சும்.

வரிசையாக நிரப்பாதீர்கள். இருண்ட கட்டங்களை முதலில், படம் முழுக்கத் தூவியது போல வையுங்கள். அப்புறம் நடுத்தரம், கடைசியில் வெளிர். பக்கத்துக் கட்டம் ஈரமாக இருந்தால் அதை விட்டுவிட்டு வேறு மூலைக்குப் போய்விடலாம். பத்துக்கு ஒரு கட்டத்தைக் காலியாகவே விடுங்கள், அந்த இடத்தில் அறைக்குக் காற்று வரும்.

இந்த அடுக்கில் டர்பன்டைனோடு சில துளி லின்சீட் ஆயில் மட்டும். அடுத்தடுத்த அடுக்குகளில் எண்ணெயைக் கூட்டிக்கொண்டே போகலாம், குறைக்கக் கூடாது. எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. கீழே எண்ணெய் அதிகமாகவும் மேலே குறைவாகவும் இருந்தால், மேல்பக்கம் முதலில் இறுகி, பிற்பாடு அடியில் நடக்கும் அசைவால் வெடித்துவிடும்.

சுரண்டுவது

மறுநாள் பார்க்கும்போது ஏதோ ஓர் இடம் கண்ணை உறுத்தும். கட்டங்கள் நெருக்கியடித்து, ஒன்றுக்கொன்று கத்திக்கொண்டிருக்கும். பேலட் கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்து அந்தப் பகுதியை வழித்து எடுங்கள். கேன்வாஸின் நெசவுக் குழிகளில் மட்டும் பழைய நிறம் தங்கி, ஒரு மங்கலான சுவடு மிஞ்சும். எனக்குப் பலமுறை அந்தச் சுவடுதான் படத்தின் மிக அழகான இடமாக அமைந்திருக்கிறது. தூரம் என்ற உணர்வை அது தரும் அளவுக்கு எந்தக் கலவையும் தருவதில்லை. அதன்மேல் உடனே எதையும் பூசாமல் ஒரு நாள் அப்படியே விட்டுப் பாருங்கள்.

சிவப்பும் நீலமும்

நான்கைந்து நாள் கழித்து, தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் நிறம் சேர்க்கலாம். சிவப்பு மூன்று கட்டம், மிஞ்சினால் ஐந்து. கோடுகள் போய்ச் சேரும் புள்ளிகளுக்கு அருகில் வைக்க வேண்டாம். கண் அங்கேயே ஆணி அடித்தது போல நின்றுவிடும். ஒன்று முன்னால் பெரிதாக, ஒன்று நடுச்சுவரில், ஒன்று கூரையோரம் சின்னதாக. அப்புறம் அல்ட்ராமரினில் நிறைய வெள்ளை சேர்த்து ஏழெட்டுக் கட்டம் நீலம். சாம்பலுக்கு நடுவில் கொஞ்சமே வைத்தாலும் இந்த நீலம் போதுமான அளவுக்குப் பாடும்.

படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். உள்ளே நடந்து போக வழி இருக்கிறதா? எங்காவது சுவர் போல முட்டினால் அங்கே ஒரு வெளிர் கட்டத்தைத் திறந்துவிடுங்கள். இனி வைக்கும் ஒவ்வொரு கட்டமும் ஏற்கெனவே உள்ள ஒன்றைக் கெடுக்கிறது என்று தோன்றும் கணத்தில் பிரஷ்ஷைக் கழுவிவிடலாம்.

வார்னிஷுக்கு அவசரமில்லை, குறைந்தது ஆறு மாதமாவது போகட்டும். அதுவரை அலமாரிக்குள் பூட்டி வைக்காமல் வெளிச்சம் வரும் சுவரில், நேர் வெயில் படாத இடமாகப் பார்த்து மாட்டுங்கள். இருட்டில் வைத்தால் லின்சீட் ஆயில் மஞ்சளிக்கும், உங்கள் வெளிர் கட்டங்கள்தான் முதலில் கெடும்.