மென் அகார் தட்டில் ஈ. கோலையின் வேதிநகர்வைப் பார்ப்பது எப்படி?

ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவின் நீளம் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர்தான். இரு முனைகளிலும் உள்ள உணவுச் செறிவை ஒப்பிட்டுத் திசையறிய அது போதாது. அதனால் நீந்திக்கொண்டே, சில நொடிகளுக்கு முன்பிருந்த செறிவோடு இப்போதுள்ளதை ஒப்பிடுகிறது. செறிவு கூடினால் நேராக நீண்ட தூரம் ஓடும். குறைந்தால் சீக்கிரமே புரண்டு திசை மாறும். இப்படி வேதிப்பொருளின் செறிவைப் பின்பற்றி நகர்வதே வேதிநகர்வு. 1960களில் உயிர்வேதியியலாளர் ஜூலியஸ் அட்லர் ஆராய்ந்த நகரும் வளையங்கள் இதைக் கண்ணுக்குக் காட்டுகின்றன.

100 மி.லி. நீரில் டிரிப்டோன் (செரித்த பால் புரதம்) 1 கிராம், உப்பு 0.5 கிராம், அகார் (கடற்பாசிக் கூழ்ப்பொருள்) 0.25 கிராம் சேர்த்து 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்யுங்கள். 50 டிகிரிக்கு ஆறியதும் நன்கு சுழற்றிக் கலக்குங்கள்; அகார் அடியில் தங்கியிருக்கும். 90 மி.மீ. தட்டுக்கு 25 மி.லி. ஊற்றி, சமதளத்தில் ஒரு மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். இந்த அகார் இளகலாகவே இருக்கும். தட்டைக் கவிழ்த்தால் வழிந்துவிடும்.

ஆர்பி437 (RP437) என்ற, இயல்பாக வேதிநகரும் ஈ. கோலை வகையை டிரிப்டோன் நீர்மத்தில் 30 டிகிரியில், 600 நானோமீட்டர் ஒளி அடர்த்தி (நீர்மத்தின் கலங்கல் அளவு) 0.5 ஆகும்வரை வளருங்கள். அதில் 2 மைக்ரோலிட்டரை அகாருக்குள் குத்தி விடுங்கள். மேலே சொட்டினால் பரப்பிலுள்ள ஈரத்திலேயே பரவிக் கணக்கைக் கெடுக்கும். ஈரப்பதமுள்ள பெட்டியில் வைத்து 30 டிகிரியில் 6 முதல் 10 மணி நேரம் விட்டால் இரண்டு வளையங்கள் தெரியும்: வெளியே செரைனைத் தொடர்வது, உள்ளே அஸ்பார்ட்டேட்டைத் தொடர்வது. இரண்டும் டிரிப்டோனில் உள்ள அமினோ அமிலங்கள். தட்டில் சீராக இருந்த செரைனைப் பாக்டீரியாவே தின்று தீர்த்துச் செறிவுச் சரிவை உண்டாக்குகிறது. பிறகு அந்தச் சரிவிலேயே ஏறுகிறது.

இங்கேதான் பலரும் தவறாக முடிவெடுக்கிறார்கள். வட்டம் பெரிதானால் மட்டும் வேதிநகர்வு ஆகிவிடாது. கூர்மையான வளையம் வேண்டும். எனவே புரள்வதற்குத் தேவையான கீ-ஒய் (cheY) மரபணு நீக்கிய வகையையும், நீந்த உதவும் சாட்டை போன்ற கசையிழையே இல்லாத வகையையும் ஒப்பீட்டுக்குத் தனித்தனித் தட்டுகளில் வையுங்கள். முதலாவது நீந்தும், ஆனால் புரளாது. அகார் இடுக்குகளில் சிக்கி வளையமில்லாச் சிறு வட்டமாக நின்றுவிடும். இரண்டாவது குத்திய இடத்திலேயே அடர்த்தியாக வளரும்.

வளையம் வரவில்லையா? வெப்பம் 37 டிகிரியாக இருந்தாலோ, வளர்ப்பு நீர்மத்தில் குளுக்கோஸ் இருந்தாலோ கசையிழை உற்பத்தி குறையும். வோர்டெக்ஸில் (குழாயை வேகமாகச் சுழற்றிக் கலக்கும் கருவி) குலுக்கினால் இழைகள் அறுந்துபோகும். அகார் 0.4 சதவீதத்தைத் தாண்டினால் நீந்த வழியிருக்காது.

விட்டத்தை மணிக்கொருமுறை அளந்து விரிவு வேகத்தைக் கணக்கிடுங்கள். கடைசி அளவை மட்டும் ஒப்பிட்டால் வளர்ச்சி வேறுபாடும் அதில் கலந்துவிடும். இரவு முழுக்க விட்ட தட்டில் ஓரத்திலிருந்து விசிறிபோல ஒரு கிளை பாய்ந்தால், அது பெரும்பாலும் புதிதாகத் தோன்றிய மரபணுத் திரிபு. அந்தப் பக்கத்தை அளவில் சேர்க்க வேண்டாம்.